கியூஃபீல்டு: புள்ளியோடு பிழையையும் பதிய வைக்கும் செயலி

வானம் தடையில்லாமல் தெரியும் வெட்டவெளியில், சாதாரண ஃபோனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் இடம் சொல்லும். மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் 5 மீட்டர் என்றால் எதிர்வீட்டுத் திண்ணை. மழைநீர் வடிகாலின் வண்டல் தொட்டி தெருவுக்கு வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்று அந்தப் புள்ளியை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இதைத் தெரிந்துகொண்டு கள ஆய்வுக்குப் போகிறவருக்கு கியூஃபீல்டு மிக நல்ல கருவி. தெரியாமல் போகிறவருக்கு அது தப்பான புள்ளியை அழகான வரைபடத்தில் போட்டுக் கொடுத்துவிடும்.

கணினியில் வரைபடம் தயாரிக்க உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளைக் கைக்குள் அடக்கியதுதான் கியூஃபீல்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஓப்பன்ஜிஐஎஸ் நிறுவனம் உருவாக்குகிறது. திறமூலம், இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. ஆண்ட்ராய்டு, ஐஃபோன், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். கணினியில் தயாரித்த ப்ராஜெக்ட் அதே நிறம், அதே குறியீடு, அதே ஃபார்மோடு ஃபோனில் திறக்கும். சிக்கலும் இதில்தான். கியூஜிஐஎஸ் பழகாதவர் ப்ளே ஸ்டோரில் இதை இறக்கித் திறந்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆய்வின் தரம் முந்தைய நாள் மேசையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

மேசையில் முதலில் பார்க்க வேண்டியது ஆயத்தொலை முறை. பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் முறை யூடிஎம். சென்னை 80.27 பாகை கிழக்கில் இருப்பதால் அதன் 44 வடக்கு மண்டலத்தில் விழும். கியூஜிஐஎஸ்-ல் அதன் குறியீட்டு எண்ணான ஈபிஎஸ்ஜி 32644 என்று தேட வேண்டும். லேயரை (ஒரே வகைத் தரவின் அடுக்கை) பாகை அளவிலேயே, அதாவது ஈபிஎஸ்ஜி 4326-ல் வைத்துக்கொண்டு ‘சுற்றி 50 மீட்டர்’ என்று பஃபர் வட்டம் போட்டால் மென்பொருள் அதை 50 பாகை என்று எடுத்துக்கொண்டு பாதி ஆசியாவை மூடிவிடும். சென்னையோடு கோயம்புத்தூரையும் சேர்த்து ஒப்பிடுகிற ஆய்வு என்றால் இன்னொரு கவனம் தேவை. 78 பாகைக் கோடு திண்டுக்கல்லை ஒட்டிப் போகிறது. அதற்கு மேற்கே 43-வது மண்டலம். கோவைப் புள்ளிகளுக்கு 32643.

இரண்டாவது, கோப்பின் வகை. பழக்கத்தில் ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வகையை எடுப்பவர்கள் அதிகம். தமிழில் தரவு சேர்ப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. ஷேப்ஃபைலில் புலத்தின் (ஒவ்வொரு விவரத்தையும் எழுதும் கட்டத்தின்) பெயருக்கு 10 பைட்டுதான் இடம். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். ‘தெரு’ என்று எழுதினாலே தகரம், எகரக் கொம்பு, ரகரம், உகரக் குறி என்று 12 பைட் ஆகிவிடுகிறது. உரைப் புலத்தின் உச்சவரம்பு 254 பைட், அதாவது ஏறக்குறைய 84 தமிழ்க் குறிகள். ‘குறிப்பு’ புலத்தில் இரண்டு வரி எழுதினால் வாக்கியம் நடுவிலேயே அறுந்துபோகும், எச்சரிக்கையும் வராது. ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வகையில் இந்தத் தொல்லை இல்லை. எல்லா லேயரும் ஒரே கோப்பில் அடங்கும்.

ஃபார்ம் அமைப்பில்தான் இந்தச் செயலி மற்றவற்றை முந்துகிறது. தெரு மரக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மர இனத்துக்குத் தேர்வுப் பட்டியல் (புங்கை, வேம்பு, தூங்குமூஞ்சி, ‘மற்றவை’), மார்பளவு உயரத்தில் சுற்றளவு, புகைப்படம், தெருவின் எந்தப் பக்கம். கடைசிப் புலம் அவசியம். 6 மீட்டர் அகலத் தெருவில் பக்கத்தைக் கண்ணால் பார்த்து எழுதினால்தான் உண்டு. சென்னைக்கே உரிய இன்னொரு தேவை: கதவு எண்ணுக்கு ஒரு புலம் போதாது. பழைய எண், புதிய எண் என்று இரண்டு வைக்காவிட்டால், ஒரே தெருவில் இரண்டு ‘12’ வந்து நிற்கும். எது எது என்று திரும்பி வந்து தீர்க்க வழி இருக்காது.

இனி முக்கியமான புலம்: பிழை அளவு. ‘துல்லியம்’ என்று ஒரு தசம எண் புலம் வைத்து, அதன் இயல்பு மதிப்பாக பொசிஷன் ஹரிசாண்டல் அக்யூரசி என்ற மாறியைக் கொடுக்க வேண்டும். புள்ளி வைக்கும் நொடியில் ஃபோன் சொன்ன பிழை மீட்டரில் தானாக ஏறும். அந்தக் கட்டத்திலேயே ‘திருத்தும்போதும் மதிப்பைப் புதுப்பி’ என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். அது காலியாக இருக்கட்டும். டிக் போட்டிருந்தால், சாயங்காலம் அறைக்கு வந்து எழுத்துப்பிழை திருத்தும்போது களத்தில் பதிந்த 4 மீட்டர் அழிந்து, கான்கிரீட் கூரைக்குக் கீழே ஃபோன் காட்டும் மதிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த எண்ணின் பொருளையும் சரியாகப் படிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு ‘5 மீட்டர்’ என்றால், உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்றுதான் அர்த்தம். மூன்றில் ஒரு புள்ளி வட்டத்துக்கு வெளியே இருந்தாலும் ஃபோன் பொய் சொன்னதாகாது. ஆய்வேட்டில் ‘துல்லியம் ±5 மீ’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ப்ராஜெக்டை ஃபோனுக்கு ஏற்ற, கியூஜிஐஎஸ்-ல் சேர்த்துக்கொள்ளும் கியூஃபீல்டுசிங்க் என்ற ப்ளகின் (துணை மென்பொருள்) உண்டு. அது தனிக் கோப்புறையில் தேவையானதை மட்டும் கட்டித் தரும். யூஎஸ்பி வழியாக நகலெடுத்து, செயலியின் ‘இறக்குமதி’ மெனுவில் கோப்புறையைக் காட்டினால் போதும். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இறக்குமதி என்றால் நகல். நீங்கள் டவுன்லோட்ஸில் வைத்த கோப்புறை அப்படியே பழையபடி கிடக்கும். களத்தில் சேர்த்த தரவு செயலியின் சொந்த இடத்தில் இருக்கும். டவுன்லோட்ஸிலிருந்து கோப்பை எடுத்துப் பார்த்து ‘எதுவும் பதியவில்லையே’ என்று பதறுவதும், செயலியில் கோளாறு என்று நினைத்து அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதும் நடக்கும். நீக்கினால் அந்தச் சொந்த இடமும் சேர்ந்தே அழியும், தரவு போனது போனதுதான். தினமும் வேலை முடிந்ததும் ஏற்றுமதி செய்து இன்னோர் இடத்தில் நகல் வைக்கும்வரை செயலியை நீக்குகிற எண்ணமே வேண்டாம்.

அடிப்படை வரைபடத்துக்கு நெட்டை நம்பிப் போக வேண்டியதில்லை. கியூஜிஐஎஸ்-லேயே எம்பிடைல்ஸ் கோப்பாக, அதாவது சிறு சதுரப் படங்களாக (ஓடுகளாக) வெட்டிய வரைபடமாகச் செய்து எடுத்துப் போகலாம். ஒவ்வொரு ஜூம் நிலை கூடும்போதும் ஓடுகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். 18-வது நிலையில் ஒரு பிக்சல் சுமார் 60 சென்டிமீட்டர். தெரு வேலைக்கு அது போதும், 20 வரை போவது ஃபோனை நிரப்புகிற வேலை. பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுச் சர்வரிலிருந்து மொத்தமாக ஓடுகளை இறக்குவதை அவர்கள் அனுமதிப்பதில்லை. சாலை, கட்டடங்களின் கோடுகளும் வடிவங்களுமான வெக்டர் தரவை எடுத்து நீங்களே நிறம் கொடுத்து ஓடாக்கிக் கொள்ளுங்கள். 2015 வெள்ளத்தின்போது மூழ்கிய தெருக்களைப் பொதுமக்களே குறித்ததும் இந்தத் தரவின் மேல்தான். நகருக்குள் நம்பி எடுக்கலாம். பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போ தாளை ஸ்கேன் செய்து அடியில் போடுபவர்கள், அது எவரெஸ்ட் நீள்கோளத்தில் (பூமியின் வடிவத்துக்கான பழைய கணித உருவத்தில்) வரையப்பட்டது என்பதை மறந்தால் கோயிலும் குளமும் நூறு மீட்டர் கணக்கில் விலகி நிற்கும்.

களத்தில் முதல் புள்ளிக்கு அவசரப்படாதீர்கள். ஃபோனில் டேட்டா இருந்தால் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை விவரம் நெட் வழியாக நொடிகளில் வந்துவிடும். டேட்டாவை அணைத்துவிட்டால் அதை ஒவ்வொரு கோளிடமிருந்தும் நேரடியாக வாங்க வேண்டும். சிக்னல் அறுபடாமல் சுமார் 30 நொடி, அறுபட்டால் மறுபடியும் முதலிலிருந்து. இடம் மாறியதும் ஓரிரு நிமிடம் நின்று எண் அடங்கும்வரை பார்க்கலாம். கியூஃபீல்டில் துல்லிய வரம்பு ஒன்றை நிர்ணயிக்கலாம். 8 மீட்டர் என்று வைத்தால் அதற்கு மேல் பிழை இருக்கும்போது புள்ளி வைக்கவே விடாது. களப்பணியாளர் நான்கு பேரை அனுப்பும் திட்டங்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பரிந்துரைக்கலாம்.

பல அளவுகளின் சராசரி எடுக்கும் வசதியும் உண்டு. ஆனால் அதன் மேல் வைக்கப்படும் நம்பிக்கை அதிகம். சௌகார்பேட்டைச் சந்தில் பிழை வருவது சிக்னல் சுவரில் மோதி எதிரொலித்து வருவதால். 10 நொடியில் 10 அளவு எடுத்தாலும் பத்தும் ஒரே சுவரில் பட்டு ஒரே பக்கமாகவே விலகியிருக்கும். சராசரியும் அதே விலகலோடு வரும். கோள்கள் நகர்ந்த பிறகு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் பலன். மறுநாள் அதே நேரத்துக்குப் போவதும் வீண். ஜிபிஎஸ் கோள்களின் அமைப்பு 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வருவதால் அதே வானம், அதே எதிரொலி, ஏறக்குறைய அதே பிழை.

பறக்கும் ரயில் பாதைக்குக் கீழே பக்கிங்காம் கால்வாயை ஆய்வு செய்கிறவர்கள் ஜிபிஎஸ்-ஐ நம்பவே வேண்டாம். தலைக்கு மேல் கான்கிரீட் பாலம், பக்கத்தில் தூண்கள். நீலப் புள்ளி பத்து பத்து மீட்டராகத் தாவும். அங்கே திரை நடுவில் புள்ளி விழும் இடத்தைக் காட்டும் குறுக்குக்குறியை இருப்பிடத்திலிருந்து விடுவித்து, விரலால் வரைபடத்தை நகர்த்தி, தூணையோ கட்டட மூலையையோ பார்த்துப் புள்ளி வைப்பதே சரி. அப்படி வைத்த புள்ளிகளுக்கு ‘கையால்’, மற்றவற்றுக்கு ‘ஜிபிஎஸ்’ என்று ஒரு புலத்தில் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கையால் வைத்த புள்ளியோடும் ஃபோனின் அர்த்தமில்லாத 35 மீட்டர் ஒட்டிக்கொண்டு வரும். செயற்கைக்கோள் படத்தில் உயரமான கட்டடம் சாய்ந்து தெரியும் என்பதால் மொட்டைமாடி மூலையை விட்டு அடிமூலையைப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது உயரம். சென்னையில் வெள்ளம் பற்றி ஆய்வு செய்பவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இது. மெரினாவில் நின்று செயலியின் உயரத்தைப் பார்த்தால் மைனஸ் 80-ஐயும் தாண்டிக் காட்டும். ஃபோன் பழுதாகவில்லை. ஜிபிஎஸ் அளப்பது கணித நீள்கோளத்திலிருந்து உயரம். நாம் கேட்பது கடல் மட்டத்திலிருந்து உயரம். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு மட்டம் உலகிலேயே மிகத் தாழ்ந்து, நீள்கோளத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் சென்னையும் இருக்கிறது. இந்தப் புவியீர்ப்பு மட்டத்தின் அளவுகள் உள்ள ஜியாய்டு கோப்பைச் செயலியின் ‘ப்ராஜ்’ (proj) கோப்புறையில் போட்டு, இருப்பிட அமைப்பில் தேர்ந்தெடுத்தால் இந்தப் பெரிய விலகல் சரியாகும். சரியான பிறகும் ஃபோனின் செங்குத்துப் பிழை கிடைப் பிழையைவிட அதிகம். வேளச்சேரியில் ஒரு தெருவில் தண்ணீர் நின்றது, அடுத்த தெருவில் நிற்கவில்லை என்றால் வித்தியாசம் அரையடியாக இருக்கலாம். சுவரில் வெள்ளம் விட்ட கறையின் இடத்தைக் கியூஃபீல்டில் குறித்துக்கொள்ளலாம். கறை தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதை டேப்பால் அளக்க வேண்டும். தரையின் மட்டத்தை ஆட்டோ லெவல் என்ற சர்வே மட்டக் கருவி வைத்து நிரந்தர மட்டக்குறியிலிருந்து கொண்டுவர வேண்டும். ஃபோன் உயரத்தை வைத்து வெள்ளப் படம் வரைந்தால் அது வெள்ளத்தின் படமாக இருக்காது.

பள்ளிக்கரணையில் நிலைமை நேர்மாறு. 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த 1,247.54 ஹெக்டேர் சதுப்பு. வானம் முழுவதும் திறந்தே இருப்பதால் சிக்னல் அருமையாகக் கிடைக்கும். காப்புக்காடு என்பதால் உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். அங்கே தொல்லை இன்னொன்று: பறவை இருப்பது நீங்கள் நிற்கும் இடத்தில் அல்ல. புள்ளி பார்வையாளரின் இடம். பறவைக்குத் தொலைவும் திசையும் தனிப் புலங்களாகப் பதிந்தால், கணினியில் ஒரே சூத்திரத்தில் உண்மையான இடத்துக்கு மாற்றிவிடலாம். சென்னையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையே வித்தியாசம் 2 பாகைக்கும் குறைவு, விட்டுவிடலாம். ஃபோனின் கவரில் இருக்கும் காந்தம் அதைவிடப் பெரிய எதிரி. இந்தப் பக்கத்தில்தான் 1802 ஏப்ரலில் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து இந்தியாவின் பெரு முக்கோண அளவையைத் தொடங்கினார். வெயிலில் சங்கிலி விரிவதற்குக்கூடக் கணக்கில் திருத்தம் போட்டார்கள். நாம் செயலி தானாகத் தரும் பிழையைச் சேமிக்கவே சோம்பல்படுகிறோம்.

மே மாத வெயிலில் ஃபோன் சூடேறித் திரையைத் தானாக மங்கலாக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். துணிப் பையில் நிழலில் வைத்து எடுங்கள். பவர் பேங்கை ஃபோனோடு சேர்த்துக் கட்ட வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று சூடாக்கும். நடைவழியைத் தொடர்ந்து பதிவு செய்கிறவர்கள் ஃபோனின் பேட்டரி சிக்கனக் கட்டுப்பாட்டிலிருந்து செயலிக்கு விலக்கு கொடுத்து, திரையை அணைத்து 10 நிமிடம் நடந்து பார்த்து, கோடு அறுபடவில்லை என்று உறுதி செய்த பிறகே ஆய்வுக்குக் கிளம்பலாம். புகைப்படம் 4 எம்பி என்றால் 400 புள்ளிக்கு இரண்டிரண்டு படம் 3.2 ஜிபி. ப்ளகின் அமைப்பில் படத்தின் உச்ச அளவை 1600 பிக்சலாகக் குறைத்தால் பெரும்பாலும் போதும்.

புது ஃபோன் வாங்குகிறவர்கள் ஜிபிஎஸ்-ஸின் எல்1, எல்5 இரண்டு அலைவரிசையும் உள்ளதைப் பார்க்கலாம். ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவசச் செயலியில் எல்5 வரிசைகள் தெரிகின்றனவா, இந்தியாவின் சொந்த இருப்பிடச் செயற்கைக்கோள்களான நாவிக் கோள்களுக்கு இந்தியக் கொடி வருகிறதா என்று கடையிலேயே வாசலுக்கு வந்து சோதிக்க முடியும். எதிரொலிப் பிழையை எல்5 நன்றாகக் குறைக்கிறது. சென்டிமீட்டர் வேண்டும் என்றால் யூ-ப்ளாக்ஸ் எஃப்9பி போன்ற சிப் உள்ள ஆர்டிகே ரிசீவரை (உடனுக்குடன் திருத்தம் வாங்கிப் பிழையைக் குறைக்கும் கருவியை) ப்ளூடூத்தில் இணைக்கலாம். ஆண்ட்ராய்டில் இது சிரமமில்லை. ஆன்டெனாக் கம்பத்தின் உயரத்தைச் செயலியில் கொடுக்க மறந்தால் எல்லா மட்டமும் 2 மீட்டர் தூக்கி நிற்கும். நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபரில் சூரியன் மறைந்த பிறகு சிக்னல் கடந்து வரும் மேல்வானின் அயனிமண்டலம் கலங்கும். கோள்களின் சிக்னலோடு ஆர்டிகே வைத்திருக்கும் பிடிப்பு அடிக்கடி விட்டுப்போகும். அந்த மாதங்களில் வேலையைக் காலையில் முடித்துக்கொள்வது நல்லது. மத்திய அரசின் 2021 பிப்ரவரி வழிகாட்டுதலுக்குப் பிறகு இந்திய நிறுவனங்கள் இப்படி அளக்க முன்அனுமதி தேவையில்லை. பாதுகாப்பு இடங்கள் பற்றிய கட்டுப்பாடு தொடர்கிறது. பட்டா எல்லைச் சண்டைக்கு மட்டும் இதில் எதையும் கொண்டுபோக வேண்டாம். அதற்கு எஃப்எம்பி ஸ்கெட்சும் (அரசின் புல அளவு வரைபடமும்) சர்வேயரும்தான்.

மாற்றுகளைப் பார்த்தால், வீடு வீடாக 60 கேள்வி கேட்கும் ஆய்வுக்கு கோபோ டூல்பாக்ஸ் என்ற கேள்விப்படிவச் செயலி சிறந்தது. கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் எழுதிவிடலாம், பிழை அளவை நீங்கள் கேட்காமலே இருப்பிடத்தோடு சேமிக்கும். ஆனால் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ‘இந்தத் தெருவை முடித்துவிட்டோமா’ என்று தெரிந்துகொள்ளும் சுகம் கியூஃபீல்டு அளவுக்கு இல்லை. கார்மின் இடிரெக்ஸ் 10 என்ற கையடக்க ஜிபிஎஸ் கருவி இரண்டு ஏஏ பேட்டரியில் நாள் முழுவதும் ஓடும், மழைக்கு அஞ்சாது. ஃபார்ம் இல்லை, காகிதத்தில் எழுதி இரவில் தட்டச்ச வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகையைப் படத்தின் மேலேயே அச்சடிக்கும் கேமரா செயலிகள் அலுவலகங்களில் பிரபலம். அது ஆதாரத்துக்கு உதவும், தரவுக்கு உதவாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் இருப்பிடமும் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும்.

குழுவாக வேலை செய்ய, எல்லோருடைய தரவையும் நெட் வழியாக ஒன்றாக்கும் கியூஃபீல்டுகிளவுட் இருக்கிறது. இலவசக் கணக்கின் இடம் சிறியது, படங்கள் சேர்ந்தால் சீக்கிரம் நிரம்பும். நான்கு பேர், இரண்டு வார்டு என்ற அளவில் கிளவுட் இல்லாமலே சமாளிக்கலாம்: ஆளுக்கு ஒரு நகல், தெருவைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். அடையாளப் புலத்துக்கு யூயூஐடி (ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக உருவாகும் நீளமான அடையாளக் குறி) என்று இயல்பு மதிப்பு கொடுப்பது கட்டாயம். வரிசை எண்ணை நம்பினால் நான்கு ஃபோனும் 1-லிருந்து தொடங்கும், ஒன்றாக இணைக்கும்போது நான்கு ‘1’ வந்து படங்கள் மாறிப் போகும். இணைத்த பிறகு முதல் வேலை, துல்லியப் புலத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குவது. மேலே வந்து நிற்கும் இருபது முப்பது புள்ளிகள்தான் மறுநாள் வேறு நேரத்தில் போய்த் திரும்ப எடுக்க வேண்டியவை.